இரண்டு கருநீலத்தில் எதை எடுப்பது? பினாங்கு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை, தீவு என்று பினாங்கு முழுக்க வீடுகளுக்கு நிறம் தேர்ந்தெடுக்க உதவுவது என் வேலை. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கலர் கார்டு படங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். இப்போதெல்லாம் அதில் கருநீலம் நிறைய. கார்டில் இருக்கும் நூறு நிறத்தைக் கழித்துக் கழித்து இரண்டு வரைக்கும் எல்லாரும் தாங்களாகவே வந்துவிடுகிறார்கள். அந்த இரண்டில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அப்போது கேட்கும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? ஏதாவது ஒண்ண அடிச்சிட்டா என்ன?

கார்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவர் முழுக்க அடித்த பிறகு ஒன்று மயில் கழுத்துப் பக்கம் சாயும், இன்னொன்று கத்திரிப்பூப் பக்கம் சாயும். கருநீலம் என்பது நீலமும் கருப்பும் சேர்ந்த கலவை. அதோடு கொஞ்சம் பச்சையோ ஊதாவோ சாம்பலோ கலந்திருக்கும். அந்தக் கொஞ்சம் தபால்தலை அளவுச் சதுரத்தில் கண்ணுக்குப் படாது. பத்தடிச் சுவரில் அதுதான் முதலில் தெரியும்.

லிட்டில் இந்தியாவில் புடவை எடுக்கப் போனால் ராமர் நீலத்தையும் எம்.எஸ். நீலத்தையும் கடை விளக்கில் பார்த்து யாராவது முடிவு செய்கிறோமா? வாசலுக்கு எடுத்துவந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். சுவரை வாசலுக்குத் தூக்கிவர முடியாது. அதனால் அந்த வேலையை வாங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

எது எந்தப் பக்கம் சாயுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு வெள்ளை ஏ4 தாளின்மேல் இரண்டு கார்டையும் ஒட்டினாற்போல் வையுங்கள். மூன்றாவதாக, அதே கம்பெனி அட்டையில் இருக்கும் பளிச்சென்ற சுத்தமான நீலம் ஒன்றை நடுவில் வையுங்கள். அந்த நீலத்துக்குப் பக்கத்தில் கருநீலங்களின் குட்டு வெளிப்பட்டுவிடும். பச்சை கலந்தது கடல் மாதிரி தெரியும், ஊதா கலந்தது மை மாதிரி தெரியும், சாம்பல் கலந்தது கொஞ்சம் தூசி படிந்தது மாதிரி அடங்கித் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கடையில் நிறம் கலக்கும் மெஷின் ஒவ்வொரு நிறத்துக்கும் எந்தெந்தச் சாயம் எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்கை வைத்திருக்கும். கடைப்பையன் பொறுமையானவராக இருந்தால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். நீலம், கருப்பு இரண்டையும் தவிர மூன்றாவதாக என்ன சேருகிறது என்று பாருங்கள். அதுதான் அந்த நிறத்தின் சாய்வு.

எல்.ஆர்.வி.ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கே, அத வச்சு முடிவு பண்ணலாமா?

எல்.ஆர்.வி. என்பது சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது என்ற அளவு. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. கருநீலங்கள் பெரும்பாலும் 10-க்குக் கீழேதான் இருக்கும். உங்கள் இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு எண் என்றால் அதை மறந்துவிடலாம், மேலே சொன்ன சாய்வுதான் முக்கியம். ஒன்று 4, இன்னொன்று 9 என்றால் கவனிக்க வேண்டும். 4 என்பது இரவில் விளக்கில்லாத மூலைகளில் கருப்பாகவே தெரியும்.

இன்டர்நெட்ல பாத்த ஹேல் நேவியா, நேவலா? எது நல்லது? இங்க கிடைக்குமா?

இரண்டுமே அமெரிக்க நிறங்கள். ஹேல் நேவி பெஞ்சமின் மூர் கம்பெனியுடையது, எண் எச்.சி.-154. நேவல் ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனியுடையது, எண் எஸ்.டபிள்யூ. 6244. நேவலை அந்தக் கம்பெனி 2020-ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்தது, அதனால்தான் எங்கு பார்த்தாலும் அதன் படம். நேவலின் எல்.ஆர்.வி. 4. அது ஆழமானது, நீலம் நீலமாகவே இருக்கும். ஹேல் நேவி அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு, சாம்பல் அதிகம். நல்லது, கெட்டது என்று இதில் ஒன்றும் இல்லை. அடங்கிய நிறம் பிடித்தால் ஹேல் நேவி, எடுப்பான நிறம் பிடித்தால் நேவல்.

நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஹார்டுவேர் கடைகளில் நிப்பான், டூலக்ஸ், ஜோட்டுன்தான் இருக்கும். அந்த அமெரிக்க நிறத்தைப் போலக் கலக்கித் தரச் சொல்லலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் சொல்கிறேன். என் யோசனை: அந்தப் படங்களை உங்களுக்கு எந்தச் சாய்வு பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். வாங்கும்போது உள்ளூர் அட்டையில் அதே சாய்வில் இருக்கும் நிறத்தை எடுங்கள்.

எங்க ஹால் வடக்குப் பாத்தது. வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியா இருக்கும், கருநீலம் அடிக்காதீங்கன்னு போட்டிருக்காங்களே?

அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எழுதியது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்குப் பக்கமாகவே இருக்கும். வடக்கு அறைக்கு நேர் வெயில் அநேகமாக வராது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். ஆக நமக்கு வடக்கு, தெற்கு இரண்டும் மாறி மாறி வரும்.

இங்கே பார்க்க வேண்டியது கிழக்கா மேற்கா என்பதும், போர்ச் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதும்தான். தரை வீடுகளில் காரை நிறுத்தக் கூரையை நீட்டிப் போட்டுவிடுகிறோம். வெயில் அங்கேயே நின்றுவிடும். ஹாலுக்குள் வருவது போர்ச் சிமெண்டிலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம். எதிரே செடிகள் அடர்ந்திருந்தால் அதில் பச்சை கலந்துவிடும். பச்சை சாய்ந்த நீலம் அங்கே இன்னும் பச்சையாகத் தெரியும்.

வெள்ளை லைட்டுக்கு எது, மஞ்ச லைட்டுக்கு எது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வேலைக்குப் போகிற குடும்பம் தன் ஹாலை நிதானமாகப் பார்ப்பது இரவு ஏழரைக்கு மேல்தான். பகலில் வீட்டில் ஆளே இல்லை. ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. இருட்டிய பிறகு உங்கள் விளக்கில் எந்த நீலம் நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்கள் நீலம்.

விளக்குப் பெட்டியில், வெளிச்சம் வெள்ளையா மஞ்சளா என்று சொல்லும் கெல்வின் எண் இருக்கும். நம் வீடுகளில் பழகிய வெள்ளை டியூப் லைட் 6500. அதன் கீழே எந்தக் கருநீலமும் இன்னும் நீலமாகும், கொஞ்சம் சில்லென்று இருக்கும். நேவல் போன்ற சுத்தமான நீலம் இந்த விளக்கில் ஆபீஸ் சீருடை மாதிரி விறைப்பாகிவிடும். சாம்பல் கலந்தது பரவாயில்லை. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நடப்பது வேறு. நீலத்தின் பளிச்சு குறைந்து கருப்பு மேலே வரும். சாம்பல் கலந்தது வெறும் கரும்பலகையாகிவிடும், ஊதா சாய்ந்தது தன் ஊதாவை நன்றாகக் காட்டும். மஞ்சள் விளக்கு வைத்திருப்பவர்களுக்கு நீலம் தூக்கலாக இருப்பதையே நான் சொல்வேன். 4000 கெல்வின் நடுவில் நிற்கும், இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

சுவிட்சைத் தட்டத் தட்ட மூன்று நிறம் மாறும் டவுன்லைட் போட்டிருந்தால், வழக்கமாக எந்த நிறத்தில் வைத்திருக்கிறீர்களோ அதில் பாருங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணும் பார்க்கலாம். 90-க்கு மேல் இருக்கும் விளக்கு நிறங்களை உள்ளபடி காட்டும். மலிவு விளக்கின் கீழே இரண்டு கருநீலமும் ஒன்றாகிவிடுவது சுவரின் குற்றம் இல்லை.

சாம்பிளைச் சுவத்துலயே நேரா அடிச்சுப் பாக்கலாமா?

வேண்டாம். பழைய கிரீம் நிறச் சுவரின் நடுவில் ஒரு கருநீலக் கட்டம் இருந்தால் அது உள்ளதைவிட இருட்டாகத் தெரியும், கிரீமின் மஞ்சளுக்கு எதிராக நீலமும் கூடித் தெரியும். ஒவ்வொரு நிறத்திலும் கிடைக்கும் மிகச் சிறிய டின்னை வாங்கி, பெரிய தடித்த அட்டை இரண்டில் தனித்தனியாக அடியுங்கள். இரண்டு கோட் வேண்டும். ஓரத்தில் வெள்ளை விடாமல் விளிம்பு வரை அடியுங்கள். ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள். ஈரமான பெயிண்டில் இருக்கும் பசை பால் மாதிரி வெளுப்பாக இருக்கும், காய்ந்தபின் தெளிந்து நிறம் இன்னும் இருட்டாகும். ஒரு ராத்திரி காயட்டும்.

அப்புறம் அட்டையைச் சுவரோரம் நிற்க வைத்து, காலையில் ஒரு முறை, பிற்பகல் வெயிலில் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பாருங்கள். மழை பெய்து வானம் மூடியிருக்கும் ஒரு நாளும் கிடைத்தால் நல்லது. முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிடும். புரிந்ததும் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு நாள் ஒன்றோடு மட்டும் இருங்கள், மறுநாள் இன்னொன்றோடு. சுவரில் இருக்கப் போவது ஒன்றுதான். பக்கத்தில் வைத்தால் மட்டும் தெரிகிற வித்தியாசம் அடித்தபின் யாருக்கும் தெரியப் போவதில்லை. இதைச் செய்யாமல் அட்டைகளை அக்கம்பக்கம் வைத்தே வாரக்கணக்கில் குழம்புபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

போட்டோ எடுத்து அனுப்புறேன், எது நல்லாருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா அக்கா?

அனுப்புங்கள், ஆனால் அதை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். போன் கேமரா வெளிச்சத்தைத் தானாகவே சரிசெய்யும். சுவர் முழுக்க நீலமாக இருந்தால் நீலத்தைக் குறைத்துவிடும், இருட்டாக இருந்தால் வெளுக்க வைத்துவிடும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு அட்டையும், நடுவில் ஒரு வெள்ளைத் தாளும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். எது எதைவிடப் பச்சை என்று ஒப்பிட அது உதவும். நிறம் எப்படி இருக்கும் என்பதை அதில் பார்க்க முடியாது.

தரையில மஞ்சள் கலந்த டைல்ஸ். மாத்த வழியில்ல. எந்த நீலம் சேரும்?

பச்சை சாய்ந்தது. மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் நிறங்கள், ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று கூடித் தெரியும். மஞ்சள் கிரீம் டைல்ஸ் மேல் கத்திரிப்பூ சாய்ந்த நீலத்தை நிறுத்தினால் சுவர் ஊதாவாகவும் தரை அழுக்கு மஞ்சளாகவும் ஒரே நேரத்தில் மாறும். சாம்பல் டைல்ஸ் என்றால் ஊதா சாய்ந்ததும் சாம்பல் கலந்ததும் நன்றாகப் போகும். சிவந்த மரக் கதவு, மரப்படிக்கட்டு இருக்கும் வீடுகளுக்குப் பச்சை சாய்ந்த நீலம் தனி அழகு. மரத்தின் சிவப்பு அதில் எழுந்து தெரியும்.

இரண்டு நிறத்தில் எது என்று தடுமாறும்போது சுவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாற்ற முடியாத பொருள்களைப் பட்டியல் போடுங்கள்: தரை, சமையலறை அலமாரி, கதவு, சோபா. அட்டையைச் சாய்த்து அதன் அடி விளிம்பு டைல்ஸில் படும்படி வையுங்கள். அந்தச் சந்திப்பில் எது உறுத்தவில்லையோ அதுதான் சரி.

ஒரு சுவருக்கு மட்டுமா, ரூம் முழுக்கவா?

சுத்தமான, எடுப்பான நீலம் என்றால் ஒரு சுவர். அடங்கிய, சாம்பல் கலந்த நீலம் என்றால் ரூம் முழுக்கத் தாங்கும். பெரிய பரப்பில் எந்த நிறமும் அட்டையில் இருப்பதைவிடத் தூக்கலாகத் தெரியும். நான்கு சுவரும் ஒன்றுக்கொன்று தன் நிறத்தைத் திருப்பி வீசிக்கொள்ளும். அதனால் ரூம் முழுக்க அடிப்பவர்கள் இரண்டில் மங்கலானதை எடுக்கலாம் என்பது என் கருத்து. படுக்கையறைக்கு நான்கு சுவரும் கருநீலம் எனக்கு மிகவும் பிடிக்கும். சின்ன அறைக்கு இருட்டு நிறம் ஆகாது என்று சொல்வார்கள், சின்னப் படுக்கையறையில்தான் அது நன்றாக அமைகிறது. சுவரின் மூலைகள் எங்கே முடிகின்றன என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது.

அம்மா 'கருநீலம் சனி பகவான் நிறம், வீட்டுக்குள்ள வேணாம்'னு சொல்றாங்க. என்ன சொல்றது?

அம்மா சொல்வது வழக்கத்தில் உள்ளதுதான். சனீஸ்வரனுக்குக் கருப்பும் கருநீலமும் சாத்துகிறோம், அவருக்குரிய கல்லும் நீலக்கல்தான். அதே கருநீலத்தைத்தான் திருமாலுக்கும் கண்ணனுக்கும் மேகவண்ணம் என்று பாடுகிறோம். இதை வாதமாக வைத்து அம்மாவை ஜெயிக்கச் சொல்லவில்லை. அம்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கப் போகிறார், அவர் மனம் ஒப்பாத சுவரைத் தினமும் பார்க்க வைப்பது சரியில்லை.

பல வீடுகளில் இரண்டு அட்டையையும் அம்மாவிடமே கொடுத்து, "உங்களுக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்று கேட்கச் சொல்வேன். மயில் கழுத்துச் சாய்வில் இருப்பதைப் பெரியவர்கள் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள், பட்டுப்புடவையில் பார்த்துப் பழகிய நிறம். கருப்பு தூக்கலாக இருப்பதைத்தான் ஒதுக்குகிறார்கள். அந்த ஒரு விஷயமே உங்கள் இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துவிடலாம்.

சாமி மேடைக்குப் பின்னாடி அடிக்கலாமா?

பார்க்க அற்புதமாக இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கை ஏற்றிவைத்தால் கருநீலத்துக்கு முன் அந்தப் பொன் நிறம் இரண்டு மடங்காகும். பராமரிப்புதான் கஷ்டம். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்த் திரியின் கரியும் மேட் (பளபளப்பில்லாத) சுவரில் படிந்தால் பிசுக்கென்று ஒரு மங்கல் வரும். திருநீறு பூசிய விரல் பட்டால் வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும், ஈரத்துணியால் துடைத்தால் பரவும். மேடைக்குப் பின்னால் மட்டும் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டுச் சுற்றிலும் அடிக்கலாம். தடுப்பு வேண்டாம் என்றால் கழுவக்கூடிய, கொஞ்சம் பளபளப்பான பெயிண்ட் எடுங்கள்.

மேட்டா, கொஞ்சம் பளபளப்பா? இதுவும் நிறத்த மாத்துமா?

மாற்றும். ஒரே நிறம் மேட்டில் ஆழமாகத் தெரியும், பளபளப்பில் விளக்கு வெளிச்சம் மேலே ஏறிக் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஆகவே இரண்டு சாம்பிளும் ஒரே பளபளப்பில் இருக்க வேண்டும். ஒன்று மேட், இன்னொன்று ஷீன் என்று வாங்கினால் நீங்கள் ஒப்பிடுவது நிறத்தை இல்லை.

இருட்டு நிறமும் பளபளப்பும் சேர்ந்தால் சுவரின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும். சுவரை ஒட்டி டவுன்லைட் இருந்தால் கேட்கவே வேண்டாம், சுவரை வழவழப்பாக்க ஸ்கிம் கோட் போட்டவரின் கரண்டித் தடம் வரை எண்ணலாம். மேட் இதை மறைக்கும். ஆனால் மேட் கருநீலத்தில் நாற்காலி முதுகு உரசினாலோ நகம் பட்டாலோ வெளுத்த தடம் விழும். ஆள் நடமாட்டம் குறைந்த சுவருக்கு மேட், மாடிப்படி ஓரத்துக்கும் குழந்தைகள் ஓடும் இடத்துக்கும் மென்பளபளப்பு.

மூணு கோட் அடிச்சும் திட்டுத்திட்டா இருக்கு. பெயிண்ட் மட்டமா?

பெரும்பாலும் பெயிண்ட் மட்டமில்லை. வெள்ளைப் பெயிண்ட் அடியை மறைப்பது அதிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடால். கருநீலம் கலக்க எடுக்கும் அடிப்பெயிண்டில் அது மிகக் குறைவு, இருந்தால் நிறம் வெளுத்துவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டும் லேசாக ஊடுருவித் தெரியும். வெள்ளைச் சுவரின்மேல் நேராக அடித்தால் நான்காவது கோட் வரை இழுக்கும். முதலில் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஓர் அண்டர்கோட் அடித்துவிட்டால் இரண்டு கோட்டில் முடியும், அதிகம் போனால் மூன்று.

இரண்டு கருநீலத்தில் ஒன்று மற்றதைவிடச் சுத்தமான நீலமாக இருந்தால் அதற்கு ஒரு கோட் கூடுதலாக ஆகலாம். கருப்பு அதிகமுள்ளது சீக்கிரம் மூடும். ரோலர் தடம் தெரிந்தால், முந்தின பட்டையின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையை அதன்மேல் ஏற்றி உருட்டவில்லை என்று பொருள். அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு சுவரை நடுவில் டீ குடிக்கப் போகாமல் முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த கோட்டுக்கு டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் இவ்வளவு சாயம் கலந்த பெயிண்ட் மெதுவாகத்தான் இறுகும். ஒரு மாதம் வரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நீலம் துணியில் வந்துவிடும்.

எத்தனை லிட்டர் வாங்கணும்?

ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். 12 அடி அகலம் 10 அடி உயரச் சுவர் 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். கோட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோட்டுக்கு மூன்று லிட்டர். ஒரு லிட்டர் டின்களாக வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, அடிப்பதற்கு முன் ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலக்குங்கள். டின்னுக்கு டின் வரும் சின்ன வித்தியாசம் வெள்ளையில் தெரியாது, கருநீலத்தில் தெரியும்.

கருநீலம் அடிச்சா வீடு சூடாகுமா? கொசு வருமா?

உட்சுவரில் நேர் வெயில் படாதவரை சூட்டில் வித்தியாசம் தெரியாது. வெளிச்சம் குறையும், அதனால் ஒரு விளக்கு கூடுதலாகத் தேவைப்படும். கொசுவைப் புதிதாக வரவழைக்காது. ஆனால் ஏடிஸ் கொசுவுக்கு இருட்டு நிறத்தில் உட்காரப் பிடிக்கும், உட்கார்ந்தால் நம் கண்ணுக்கும் தெரியாது. பல்லி எச்சம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

சுவத்தோட கீழ்ப்பக்கம் உப்புப் பூக்குது. மேல அடிச்சா மறையாதா?

மறையாது. வெள்ளை உப்பு கருநீலத்தின்மேல் வந்தால் வீட்டுக்குள் நுழைந்ததும் அதுதான் கண்ணில் படும். இரண்டு நிறத்தில் எது என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, குழாயையோ பின்பக்கக் குளியலறையையோ பார்க்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். புதிதாகப் பூசிய சுவரும் குறைந்தது நான்கு வாரம் காய வேண்டும்.

லீத் ஸ்ட்ரீட் ப்ளூ மென்ஷன் நீலம் வேணும். எந்த நம்பர்?

சியோங் ஃபாட் சீ மாளிகையின் அந்த நீலம் டின் பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியது. சுண்ணாம்புப் பூச்சு மேகம் மாதிரி ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளுப்பு என்று இருக்கும். அதன் அழகே அதில்தான். சீராக மூடுகிற இன்றைய பெயிண்டில் அந்த நிறத்தைக் கலந்தாலும் அந்த அசைவு வராது. தவிர அது முழு வெயிலில் நிற்கும் வெளிச்சுவர். அதே நிறத்தைத் தரை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்தால் பல படி இருட்டாகிவிடும். பிடித்திருந்தால், கார்டில் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு படி வெளுப்பானதை எடுத்து அட்டையில் அடித்துப் பாருங்கள். அது கருநீலமாக இருக்காது, ஆனால் வீட்டுக்குள் அந்த உணர்வைக் கொடுக்கும்.

ஜோர்ஜ்டவுன்ல தாத்தா காலத்துக் கடைவீடு. அங்கயும் இதே மாதிரி அடிக்கலாமா?

நேராக அடிக்காதீர்கள். அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுவர் வழியாக வெளியே விட்டு உலர்த்திக்கொள்ளும்படி கட்டியவை. இன்றைய அக்ரிலிக் பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி, பெயிண்ட் அப்பளமாக எழும், பூச்சும் சேர்ந்து உதிரும். நிறம் கலந்த சுண்ணாம்புப் பூச்சோ, காற்றுப் போக விடும் சிலிக்கேட் பெயிண்டோ அங்கே சரி. சுண்ணாம்பு இயல்பிலேயே வெள்ளை, அதில் கரும் நீலத்தைக் கொண்டுவர முடியாது. ஆக இரண்டு கருநீலத்தில் எது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழாது, அவுரி நீலத்தில் நின்றுவிடலாம். 2008-இல் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் வீடு இருந்தால், வெளிச்சுவரைத் தொடுவதற்கு முன் மாநகராட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேற கம்பெனி நிறத்த இங்க மெஷின்ல ஸ்கேன் பண்ணிக் கலக்கினா அதேதானே வரும்?

கடை விளக்கில் அதேபோல் வரும். வீட்டு விளக்கில் பிசகலாம். ஒரு கம்பெனி கருப்பும் ஊதாவும் போட்டு அடைந்த நிறத்தை இன்னொரு கம்பெனி வேறு சாயங்களைப் போட்டு அடையும். ஒரு விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியும். கருநீலத்தில் இது அதிகம் கண்ணில் படும். கலக்கித் தந்ததையும் புதிய நிறமாகவே நினைத்து, மேலே சாம்பிள் கேள்வியில் சொன்ன அத்தனையும் செய்து பாருங்கள்.

வாடகை வீடு. காலி பண்ணும்போது வெள்ளைக்குத் திரும்ப முடியுமா?

முடியும். பிரைமர் ஒரு கோட், வெள்ளை இரண்டு மூன்று கோட் ஆகும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஒரே ஒரு சுவர் அடியுங்கள்.

அவருக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு, எனக்கு இன்னொண்ணு. யாரு சொல்றத எடுக்கிறது?

அட்டைகளின் பின்பக்கம் மட்டும் பெயர் எழுதி, எது எது என்று சொல்லாமல் இரவு விளக்கில் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். பல நேரம் இருவரும் ஒரே அட்டையைக் காட்டுவார்கள், அது வரை பேசிக்கொண்டிருந்தது பெயரைப் பற்றித்தான். உண்மையிலேயே வேறு வேறு என்றால், அந்த அறையில் யார் அதிக நேரம் இருக்கிறார்களோ அவர் சொல்வதை எடுங்கள்.

எல்லாம் பண்ணியாச்சு. எனக்கு இன்னும் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

அப்படியானால் உங்கள் வீட்டு வெளிச்சத்தில் அவை ஒன்றுதான். நிறத்தை விட்டுவிட்டு வசதியைப் பாருங்கள். உங்கள் தாமான் கடையிலேயே கலக்கித் தரும் கம்பெனியின் சொந்த நிறம் எதுவோ அதை எடுங்கள், இன்னொரு டின் தேவைப்பட்டால் அலைய வேண்டாம். டின் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நிறத்தின் எண்ணும் அடிப்பெயிண்டின் பெயரும் கலந்த தேதியும் இருக்கும். பெயிண்ட் வழிந்து அது மறைவதற்குள் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை இறுக மூடி வெயில் படாத அலமாரியில் வைத்து, அடுத்த முறை சோபா நகர்த்தும்போது விழும் கீறலுக்குச் சின்னத் தூரிகையில் தொட்டுவிடுங்கள். மேட்டில் அந்தத் தொட்ட இடம் தெரியாது. பளபளப்பில் தெரியும், அதனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடிக்க வேண்டியிருக்கும்.